தூண்டில் முள்ளில் முடிச்சுப் போட முடியாத கை

மூளையில் ஆபரேஷன் செய்துகொள்ளச் சம்மதித்துவிட்டேன். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இந்த முடிவுக்கு வர எனக்கு நான்கு வருடம் ஆனது. இதே யோசனையில் தவிக்கிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். செய்துகொண்டவர்கள் இருந்தால் நீங்களும் சொல்லுங்கள்.

சின்ன வயதிலிருந்து தூண்டில் போடுகிறவன் நான். விடியும் நேரம் தண்ணீர் ஓரத்தில் உட்காராவிட்டால் அந்த வாரமே எனக்கு ஓடாது. நடுக்கம் முதலில் தெரிந்ததும் அங்கேதான். முள்ளின் காதில் தூண்டில் நரம்பைக் கோக்கப் போனால் விரல் விலகி விலகிப் போகும். கையை மடியில் சும்மா வைத்திருந்தால் ஆடாது, ஒரு காரியத்துக்கு நீட்டினால்தான் ஆடும். கண்தான் மங்குகிறது என்று கண்ணாடியை மாற்றினேன். அப்புறம், மிதவையை மீன் இழுக்கிறதா, என் கை ஆட்டுகிறதா என்றே பிரித்துச் சொல்ல முடியாமல் போனது. அன்றைக்குத்தான் பயந்தேன்.

பார்க்கின்சன் என்று நினைத்து நடுங்கிப்போய்த்தான் மருத்துவரிடம் போனேன். இது எசென்ஷியல் ட்ரெமர் என்றார். பார்க்கின்சனில் பெரும்பாலும் கை ஓய்வாக இருக்கும்போது நடுங்கும், இதில் வேலை செய்யும்போது நடுங்கும். புரோப்ரனலால் மாத்திரை கொடுத்தார், கொஞ்ச காலம் கேட்டது. அடுத்து பிரிமிடோன். அதில் பகலெல்லாம் தூக்கம் தள்ளியது, நடுக்கம் பாதிதான் குறைந்தது.

கூட வருகிறவர்கள் நல்லவர்கள். "கொடுங்கள், நான் கட்டித் தருகிறேன்" என்று வாங்கிக் கட்டிக் கொடுப்பார்கள். முதலில் ஆறுதலாக இருந்தது. ஒவ்வொரு முள்ளுக்கும் இன்னொருவர் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தபோது நெஞ்சு அடைத்தது. ஒருநாள் முள் என் கட்டைவிரலிலேயே ஏறி, பின்னால் இழுக்க விடாத அந்தக் குட்டி முனை சதைக்குள் மாட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு ஏழு மாதம் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை.

மூளைக்குள் கம்பி வைத்து மின்சாரத்தால் நடுக்கத்தை அடக்கும் டீப் பிரெயின் ஸ்டிமுலேஷன் பற்றி மருத்துவர் சொன்னபோது, மண்டையில் ஓட்டை போடுவதா என்று எழுந்து வந்துவிட்டேன். மறுபடி போனது என் மனைவி சொல்லித்தான். தலாமஸ் என்ற பகுதிக்குள் ஒரு மெல்லிய மின்கம்பியை இறக்குவார்கள். அதன் கனம் 1.27 மி.மீ. நான் போடுவது 0.30 மி.மீ. நரம்பு, அதைப்போல நான்கு மடங்கு என்று உடனே கணக்குப் போட்டது மனசு. காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில் வயர் இறங்கி, நெஞ்சில் வைக்கும் பேட்டரியில் சேரும். பிரான்சின் கிரெனோபிளில் 1987-ல் பெனபிட் என்ற அறுவை மருத்துவர் நடுக்கத்துக்கு இதைச் செய்து காட்டினார். அமெரிக்காவில் 1997-ல் அனுமதி கிடைத்தது. புதுச் சோதனை இல்லை என்று தெரிந்ததும் பாதிப் பயம் போனது.

மீதிப் பயம் நியாயமானது. நூறில் ஓரிருவருக்கு மூளையில் ரத்தக்கசிவு வரலாம். கிருமித் தொற்றும் வரலாம். இரண்டு பக்கமும் செய்தால் பேச்சு குழறுவதற்கும் நடையில் தள்ளாட்டம் வருவதற்கும் வாய்ப்பு கூடும். ஈரப் பாறையில் நிற்கிறவனுக்குத் தள்ளாட்டம் சின்ன விஷயம் இல்லை. அதனால் மூளையின் இடது பக்கம் மட்டும், வலது கைக்காக. கத்தியில்லாமல் அல்ட்ராசவுண்டால் செய்யும் முறையும் இருக்கிறது, ஆனால் அதில் மூளையில் ஒரு புள்ளியைச் சுட்டுவிடுவார்கள், சுட்டது சுட்டதுதான். இதில் மின்சாரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம். எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

விழித்திருக்கும்போதே செய்வார்கள், நடுக்கம் நிற்கிறதா என்று சுருள் வரையச் சொல்லிப் பார்ப்பார்கள். நரம்பும் முள்ளும் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். முள் வேண்டாம், ஒரு வளையம் தருகிறோம், அதில் முடிச்சுப் போட்டுக் காட்டுங்கள் என்றார் மருத்துவர். வாசலுக்கு வருவதற்குள் சம்மதம் சொல்லிவிட்டேன்.

*

அண்ணா, எனக்குச் செய்து ஐந்து வருடம் ஆகிறது. துளைபோடும் சத்தம்தான் கொடுமை, மண்டைக்குள்ளேயே கேட்கும். வலி இல்லை, மூளைக்கு வலி தெரியாது. மின்சாரத்தை ஏற்றும்போது விரல்நுனியில் சுருசுருவென்று இருந்தது. அப்புறம் கை நின்றது. நான் அழுதுவிட்டேன்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பேட்டரியை இயக்குவதற்கு முன்பே சில நாள் நடுக்கம் குறைந்திருக்கும். கம்பி இறங்கிய இடத்து வீக்கத்தால் வருவது அது. வீக்கம் வடிந்ததும் நடுக்கம் திரும்பும். தோற்றுப்போச்சு என்று நான் இரண்டு இரவு தூங்கவில்லை. சில வாரம் கழித்து மின்சாரத்தின் அளவு வைக்க ஆரம்பித்தார்கள், சரியாக அமைய நாலைந்து தடவை போக வேண்டியிருந்தது. பெரிய மீன் மாட்டினால் தூண்டில் கம்பின் அடியை நெஞ்சில் ஊன்றுவீர்களா? அப்படியானால் பேட்டரி வைக்கும் இடத்தை முடிவு செய்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். உடம்பு வலிக்கு மின்கருவியால் உள்ளே சூடேற்றும் டயாதெர்மி மட்டும் யார் சொன்னாலும் வைக்கக் கூடாது.

*

என் கணவருக்குப் பார்க்கின்சனுக்காக இதே ஆபரேஷன், கம்பி வைத்த இடம் வேறு. நன்றாக நீந்துவார். ஆபரேஷனுக்குப் பிறகு மார்பளவுத் தண்ணீரில் இறங்கியவருக்குக் கையும் காலும் சேர்ந்து வரவில்லை. பக்கத்தில் நான் இருந்ததால் பிடித்து இழுத்தேன். சூரிச் மருத்துவர்கள் 2019-ல் இப்படி ஒன்பது பார்க்கின்சன் நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சிலருக்குக் கருவியை நிறுத்தியதும் நீச்சல் திரும்பியதாம். நீங்கள் தண்ணீரிலேயே இருப்பவர் என்பதால் சொல்கிறேன்.

*

அக்கா, நீச்சல் விஷயத்தை இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அடுத்த சந்திப்பில் கேட்கிறேன். எனக்கு நோயும் கம்பி வைக்கும் இடமும் வேறு என்றாலும், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இனிப் படகில் ஏறமாட்டேன். தம்பி, நெஞ்சில் ஊன்றுகிற பழக்கம் எனக்கு உண்டு, இடது பக்கம்தான். அதையும் குறித்துக்கொண்டேன்.