அடுத்த ஆபீஸ் லேப்டாப்: மெலிசாக இருந்தால் போதுமா, கழற்றி மாட்ட முடிய வேண்டுமா?

கெடிலக்கரை (கடலூர்):
எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் லேப்டாப்புகளை மாற்றப் போகிறோம். கடையில் காட்டுவதெல்லாம் மெலிசு, பளபளப்பு, ஏஐ. எனக்கு வேண்டியது வேறு. பேட்டரியை நானே மாற்ற முடிய வேண்டும். ராமை (தற்காலிக நினைவகம்) போர்டிலேயே சால்டர் செய்திருக்கக் கூடாது. பழைய அகல யூஎஸ்பி போர்ட் குறைந்தது இரண்டு வேண்டும். வாடிக்கையாளர்களின் டிஎஸ்சி டோக்கனை (டிஜிட்டல் கையெழுத்து உள்ள யூஎஸ்பி குச்சி) மாற்றி மாற்றிச் செருகுவதுதான் எங்கள் பிழைப்பே. நெட்வொர்க் கேபிள் செருகும் லேன் போர்ட்டும் வேண்டும். இதெல்லாம் இல்லாததற்கு எதற்கு ‘பிசினஸ்’ என்று பெயர்?

லாஸ்பேட்டை வாசி:
சார், நீங்கள் கேட்பது 2012 லேப்டாப். ஈசிஆர் பஸ்ஸில் சென்னைக்குப் போய் வருபவனுக்கு எடைதான் முதல் பிரச்சினை. போர்ட் வேண்டுமென்றால், ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாக்கும் ஹப் ஒன்று வாங்கினால் முடிந்தது. ராமை ஒட்டுவதும் வஞ்சனை இல்லை. எல்பிடிடிஆர் வகை ராம் குறைந்த மின்னழுத்தத்தில் ஓடுகிறது. அந்த வேகத்துக்கு அது ப்ராசஸருக்கு வெகு அருகில் இருக்க வேண்டும். பேட்டரி நீடித்து நிற்க அதுவும் ஒரு காரணம்.

கெடிலக்கரை:
ஹப்பை யார் தேடுவது? மார்ச் கடைசியில் டோக்கன் ஒரு மேசையில், ஹப் இன்னொரு மேசையில் கிடக்கும். அப்புறம், ‘அருகில் இருக்க வேண்டும்’ என்ற கதை பழசு. எல்பிகேம்2 என்று அதே ராமைத் திருகு போட்டு மாட்டும் முறை வந்துவிட்டது. லெனோவோவின் திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறையில் 2024இலேயே போட்டார்கள்.

லாஸ்பேட்டை வாசி:
அது விலை உயர்ந்த ஒர்க்ஸ்டேஷன். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவதற்கா அது? பெரிய கம்பெனிகள் சில ஆண்டு லீஸில் எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. அங்கே ராம் மாற்ற ஸ்க்ரூ டிரைவர் எடுப்பவர் யாருமில்லை. தயாரிப்பவன் அவர்களைப் பார்த்துத்தான் செய்வான், நம்மைப் பார்த்து இல்லை.

சர்வீஸ் மேசை (நெல்லித்தோப்பு):
இரண்டு பேரும் கடலை மறந்துவிட்டீர்கள். பீச் பக்கத்து ஆபீஸ்களிலிருந்து என் மேசைக்கு வரும் லேப்டாப்பைத் திறந்தால் யூஎஸ்பி பின்னில் பச்சை பூத்திருக்கும், திருகில் துரு, கீபோர்ட் கனெக்டரில் உப்புப் படலம். ‘மிலிட்டரி தரம்’ என்ற ஸ்டிக்கரை நம்பி வாங்குகிறார்கள். அந்த ஸ்டிக்கர் சொல்லும் மில் எஸ்டிடி 810 என்ற அமெரிக்க ராணுவத் தரம் ஒரே சோதனை இல்லை, பல சோதனைகளின் தொகுப்பு. உப்பு மூடுபனிக்கு 509 என்று தனி முறை உண்டு. எதெதைச் செய்வது என்று கம்பெனிதான் தேர்ந்தெடுக்கிறது. உங்கள் மாடலுக்கு 509 செய்தார்களா என்று கேளுங்கள், விற்பவர் விழிப்பார். எனக்கு வேண்டியது போர்டுக்கு மேல் ஒரு பாதுகாப்புப் பூச்சு, எளிதில் கழற்றும் மூடி. கீபோர்டில் புதிதாக வைக்கும் ஏஐ கீயை விட இது முக்கியம்.

முதுநகர் மீன் ஏற்றுமதி:
உப்பு விஷயத்தில் அண்ணன் சொல்வது சரி. ஆனால் லாஸ்பேட்டை தம்பி பக்கமும் ஒரு வார்த்தை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது கரண்ட் இல்லை. டைப்-சி சார்ஜிங் இருந்ததால் பவர் பேங்கில் லேப்டாப்பை ஓட்டி, கப்பலுக்கான பேப்பர்களை அனுப்பினேன். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் சுமார் 74 வாட்-ஹவர். சாதாரண ஆபீஸ் லேப்டாப்பை ஏறக்குறைய ஒரு முறை நிரப்பும். 65 வாட் தருகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். எனக்கு இன்னொரு குறை: துறைமுகத்து வெயிலில் திரையில் என் முகம்தான் தெரிகிறது. பளபளக்கும் திரையைத் தூக்கிப் போட்டு, வெளிச்சம் எதிரொளிக்காத மேட் திரை கொடுக்கட்டும்.

கெடிலக்கரை:
அக்கா, பவர் பேங்கைச் சுமப்பதற்குப் பதில் 2018இல் வந்த லெனோவோ திங்க்பேட் டி480 போல இருந்தால் போதுமே. உள்ளே ஒரு பேட்டரி, வெளியே ஒரு பேட்டரி. வெளியே இருப்பதைக் கழற்றி வேறு மாட்டும்போதும் வேலை நிற்காது. அதை ஏன் நிறுத்தினார்கள்? மெலிசு மோகம்.

லாஸ்பேட்டை வாசி:
அந்தத் தடிப்பை இன்று யாரும் வாங்க மாட்டார்கள் சார்.

சர்வீஸ் மேசை:
ஐரோப்பாவில் வாங்க வைக்கிறார்கள் தம்பி. 2027 பிப்ரவரி 18 முதல் லேப்டாப் உட்படப் பல சாதனங்களில் பேட்டரியை வாங்கியவரே மாற்றும்படி இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். நம் ஊருக்கு அந்தச் சட்டம் கிடையாது. ஆனால் இரண்டு சந்தைக்கு இரண்டு டிசைன் போடுவது செலவு.

லாஸ்பேட்டை வாசி:
பேட்டரிக்கு ஒத்துக்கொள்கிறேன். லேன் போர்ட்டுக்காக எடையைக் கூட்டினால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கெடிலக்கரை:
நீங்கள் வைஃபையில் டாலி (கணக்கு சாஃப்ட்வேர்) சர்வரை ஓட்டிப் பாருங்கள் தம்பி, அப்புறம் பேசலாம்.