பழைய மோட்டாருக்கு ரன் கண்டென்சர் மாற்றிய அனுபவம்: டப்பாவில் இருந்த எண்ணும் மோட்டாரின் எண்ணும்

வண்ணை வாசி:

எங்கள் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. நாலு குடித்தனம், ஒரு சம்ப், ஒரு மோட்டார். மெட்ரோ தண்ணீர் விடியற்காலையில் சம்ப்பில் விழும். அதை மாடித் தொட்டிக்கு ஏற்றுவது அப்பா வாங்கிப் போட்ட 1 எச்பி மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது). வயது முப்பதுக்குக் குறையாது. இதுவரை ஒரே ஒருமுறைதான் காயில் கட்டியிருக்கிறோம்.

போன மாதம் ஒரு நாள் காலையில் சுவிட்ச் போட்டால் மோட்டார் சுற்றவில்லை. 'ம்ம்ம்' என்று உறுமிக்கொண்டே நின்றது. பின்பக்க ஃபேன் மூடியின் ஓட்டை வழியாக ஒரு குச்சியை விட்டுத் தள்ளினால் ஓடத் தொடங்கியது. இதைப் படித்துவிட்டு யாரும் அப்படிச் செய்யாதீர்கள், குச்சி தெறித்தால் கண் போய்விடும். எப்படியோ, உறுமல் இருக்கிறது, தள்ளிவிட்டால் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் கண்டென்சர்தான், அதாவது மோட்டார் எடுக்கவும் ஓடவும் உதவுகிற, மின்சாரத்தைத் தேக்கும் சின்ன டப்பா. மெயினை அணைத்து, ஃபியூசையும் பிடுங்கி வைத்துக்கொண்டு டப்பாவைக் கழற்றினேன். மேல்மூடி லேசாகப் புடைத்திருந்தது. ஹோல்டரில் மாட்டிய 60 வாட் குண்டு பல்பின் இரண்டு ஒயரையும் அதன் முனைகளில் வைத்து, மிச்சம் இருந்த மின்சாரத்தை இறக்கினேன். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வதைவிட இது நல்லது. மல்டிமீட்டரில் அளந்தால் 9 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட், கண்டென்சரின் கொள்ளளவு) காட்டியது. டப்பாவின் மேல் அச்சடித்திருந்ததோ 36 எம்எஃப்டி, 440 வோல்ட்.

சரி, செத்துவிட்டது, அதே எண்ணில் புதிது போட்டால் முடிந்தது என்று நினைத்தேன். பாரிமுனைக்குப் போய் 36, 440 வோல்ட் ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். மோட்டார் ஜம்மென்று எடுத்தது. நாலு வீட்டுக்காரர்களும் நிம்மதியானார்கள்.

பத்து நாள்கூட ஆகவில்லை. மாடித் தொட்டி பாதி நிறைவதற்குள் மோட்டார் மேல் கை வைக்க முடியாத சூடு, வார்னிஷ் கருகுகிற வாசனை. அம்மா, "இது எப்பவுமே இப்படித்தான்டா சுடும், பழைய மோட்டாராச்சே" என்றார். யோசித்துப் பார்த்தால் உண்மைதான், ஐந்தாறு வருடமாகவே அது அதிகமாகச் சுட்டுக்கொண்டிருந்தது. வயதாகிவிட்டது என்று நாங்களே சமாதானம் சொல்லி விட்டுவிட்டோம். அந்த 'எப்பவுமே'தான் என்னை உறுத்தியது.

கொருக்குப்பேட்டையில் காயில் கட்டும் பெரியவர் ஒருவரைக் கூட்டி வந்தேன். வந்தவர் மோட்டாரைத் தொடவே இல்லை, முதல் கேள்வியே கேட்டார்: "பிளேட்டுல இன்னா போட்டுருக்கு நைனா?"

பிளேட்டா? எங்கள் மோட்டாருக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் பச்சை பெயின்ட் அடிப்போம். பிளேட் இருந்த இடம் ஒரு மேடு மாதிரித்தான் தெரிந்தது. அவர் துணியில் மண்ணெண்ணெய் தொட்டு ஊற வைத்து, ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டினார். பச்சை, அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் இன்னொரு பச்சை. கடைசியாக அலுமினியம் வெளியே வந்தது. 1 எச்பி, 2880 ஆர்பிஎம், 6.2 ஆம்பியர், 20 எம்எஃப்டி, 440 வோல்ட்.

இருபது! நான் மாட்டியிருந்தது முப்பத்தாறு.

எனக்கு முன்னால் யாரோ ஒருவர், போர்வெல் பேனலில் இருந்து கழற்றிய 36ஐ இதில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. நான் அந்தத் தப்பைக் காசு கொடுத்துப் புதிதாக வாங்கி வந்து மறுபடி மாட்டியிருக்கிறேன்.

பெரியவரிடம் கிளாம்ப் மீட்டர் (ஒயரை வெட்டாமல் மேலே கவ்வி ஆம்பியர் பார்ப்பது) இருந்தது. 36 இருக்கும்போது மோட்டாருக்குப் போகும் மொத்தக் கரண்ட் 8.1 ஆம்பியர். பிளேட்டில் இருப்பதைவிட ஏறக்குறைய இரண்டு ஆம்பியர் கூடுதல். கண்டென்சர் ஒயரில் மட்டும் 3.6. பிறகு 20 வாங்கி வந்து மாட்டினோம். மொத்தம் 5.7, கண்டென்சர் ஒயரில் 2.1. கண்டென்சர் ஒயரில் கூடிய அந்தக் கரண்ட், மோட்டாரைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டிங் காயில் வழியாகத்தான் ஓடுகிறது. அந்தக் காயிலின் கம்பி மெலிசு, அதனால்தான் சூடு என்றார். எம்எஃப்டி குறைந்தால் மோட்டார் எடுக்கத் திணறும், கூடினால் தெம்பாக எடுக்கிற மாதிரி தோன்றும், ஆனால் உள்ளே வெந்துகொண்டிருக்கும். கூடிப்போனது கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் அது ஆபத்து.

இன்னொன்றும் காட்டினார். மோட்டார் ஓடும்போது கண்டென்சரின் இரண்டு முனைக்கும் நடுவே வோல்டேஜ் அளந்தார். 334! வீட்டுக்கு வருவது 230 தானே என்று கேட்டேன். ஸ்டார்ட்டிங் காயிலில் மோட்டார் சுற்றும்போது உண்டாகும் வோல்டேஜும் சேர்ந்துகொள்வதால், கண்டென்சர் தாங்க வேண்டியது லைன் வோல்டேஜைவிட எப்போதும் அதிகம். அதனால்தான் 440 கேட்கிறார்கள். வோல்ட் கூடுதலாக இருக்கலாம், குறையவே கூடாது. எம்எஃப்டி அப்படி இல்லை, அது பிளேட்டில் இருப்பதுதான் இருக்க வேண்டும். டப்பாவில் பிளஸ் மைனஸ் 5 சதவீதம் என்று போட்டிருப்பார்கள், அந்த அளவு வித்தியாசம் பரவாயில்லை.

கழற்றாமலே சோதிக்கிற கணக்கு ஒன்றையும் அவரிடம் கற்றுக்கொண்டேன். கண்டென்சர் ஒயரில் ஓடும் ஆம்பியரை 3183ஆல் பெருக்கி, அதன் முனைகளில் உள்ள வோல்டேஜால் வகுத்தால் எம்எஃப்டி வந்துவிடும். 50 சைக்கிளுக்கு இந்த எண். எங்களுடையதற்கு 2.1 பெருக்கல் 3183, வகுத்தல் 334. சரியாக 20. ஓடுகிற மோட்டாரில் மீட்டர் வைப்பது பழகியவர் செய்யும் வேலை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வீட்டிலும் பழைய மோட்டார் இருந்தால், அதில் இப்போது இருக்கும் கண்டென்சர் கம்பெனி போட்டதா, நடுவில் யாராவது மாற்றியதா என்று பாருங்கள். உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

எண்ணூர்க்காரன்:

எங்கள் வீட்டில் நேர்மாறாக ஒன்று நடந்தது. போர்வெல் மோட்டார், சுவரில் பேனல். அதற்குள் இரண்டு கண்டென்சர் இருக்கும். கறுப்பு நிறத்தில் குண்டாக இருப்பது ஸ்டார்ட், எங்களுடையது 120–150 எம்எஃப்டி. இன்னொன்று ரன், 36. பச்சை பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் அந்தச் சில நொடிகள் மட்டும்தான் ஸ்டார்ட் கண்டென்சருக்கு வேலை. கையை எடுத்ததும் அது விலகிக்கொள்ளும். ரன் கண்டென்சர் மட்டும் மோட்டார் ஓடும் வரை கூடவே இருக்கும்.

ரன் போய்விட்டது. வந்த எலக்ட்ரீஷியனிடம் ரன் கண்டென்சர் இல்லை, "இதுவும் கண்டென்சர்தான், இன்னைக்கி ஓட்டிக்கோங்க" என்று ஒரு கறுப்பு ஸ்டார்ட்டை அந்த இடத்தில் மாட்டிவிட்டார். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. பட்டாசு மாதிரி ஒரு வெடி, பேனல் கதவு திறந்துகொண்டது, உள்ளே முழுக்க ஈரக் காகிதத் துணுக்கும் எண்ணெய் மாதிரி ஒரு பிசுக்கும். என் மகள் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தாள். இப்போதும் அதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

தெரிந்துகொண்டது இதுதான். ஸ்டார்ட் கண்டென்சர் எலக்ட்ரோலிட்டிக் வகை, சில நொடிக்கு மேல் ஏசி கரண்ட் ஓடினால் தாங்காது. ரன் கண்டென்சர் பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம், நாள் முழுக்க ஓடுவதற்கென்றே செய்தது. பெயர் ஒன்றாக இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றதை மாட்டிவிட முடியாது.

ராயபுரம் மாவுக்கடை:

வணக்கம். இட்லி மாவு அரைத்து விற்கிறேன். டில்டிங் கிரைண்டர், பெல்ட் போட்டது. ஒரு வாரமாக அரிசியோடு சேர்த்துப் போட்டால் கல் திரும்பாது. நான் பெல்ட்டைக் கையால் இழுத்துவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடைத் தம்பி பார்த்துவிட்டு, "அக்கா, விரல் போயிடும், விட்ருங்க" என்று சத்தம் போட்டார். அவர் சொன்னதால்தான் கண்டென்சரைப் பார்த்தேன்.

தெருவில் இருந்த கடையில் எம்எஃப்டி மட்டும் சொன்னேன், கொடுத்தார்கள். மூன்றே வாரத்தில் அதுவும் போனது. வண்ணை அண்ணன் எழுதியதைப் படித்தபிறகு இன்று அதை எடுத்துப் பார்க்கிறேன், 250 வோல்ட் என்று போட்டிருக்கிறது. பழையதில் 440. பார்க்க இரண்டும் ஒரே உயரம், ஒரே சாம்பல் நிறம். கடையில் எண்ணைச் சொல்லும்போது வோல்ட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் போனது. இப்போது போட்டிருப்பது சரியானது. நாள் முழுக்க உளுந்து அரைத்தாலும் மோட்டார் மிதமான சூடுதான்.

எங்களுக்கு இன்னொரு தொல்லை உப்புக்காத்து. துறைமுகப் பக்கமிருந்து அடிக்கிற காற்றுக்கு லக் (ஒயர் முனையில் இருக்கும், சொருகுகிற உலோகத் துண்டு) எல்லாம் பச்சை பூத்துவிடும். கண்டென்சர் நன்றாகத்தான் இருந்தது, லக் துருப்பிடித்துக் கரண்ட் விட்டு விட்டு வந்தது என்று ஒருமுறை ஆகியிருக்கிறது. அதனால் புதிது மாட்டும்போது பழைய லக்கையே திரும்பச் சொருகாமல் வெட்டிவிட்டுப் புதிது போடச் சொல்கிறேன்.

பெரம்பூர் பெரியவர்:

நாற்பது வருடம் மோட்டாரோடு இருந்தவன், இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

முதலாவது, உருவம். பழைய டப்பா சொம்பு மாதிரி பெரிதாக இருக்கும், அதே எண்ணில் புதிது கைக்கு அடக்கமாக இருக்கும். ஏமாற்றுகிறார்கள் என்று பலர் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பழையவற்றில் எண்ணெயில் ஊறிய காகிதம் இருக்கும். இப்போது வருவதில் மெலிசான பிளாஸ்டிக் ஃபிலிம் மேல் உலோகம் பூசியிருக்கிறார்கள். அதனால்தான் சிறியது, போலி அல்ல. நம்ப வேண்டியது மேலே அச்சடித்திருப்பதை. ஐஎஸ் 2993 என்று நம் நாட்டுத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் ஏ, பி, சி, டி என்று ஒரு எழுத்து இருக்கும். அது உழைக்கும் நேரம். ஏ என்றால் 30,000 மணி நேரம், பி 10,000, சி 3,000, டி 1,000. ஒரே எம்எஃப்டி, ஒரே வோல்ட், விலை மட்டும் பாதி என்றால் இந்த எழுத்தைத் தேடுங்கள். மாவுக்கடைத் தங்கச்சி மாதிரி நாள் முழுக்க ஓட்டுகிறவர்கள் பி-க்குக் கீழே போக வேண்டாம்.

இரண்டாவது, மிகப் பழைய மோட்டார். வெளிநாட்டில் செய்த டிரில்லிங் மெஷின், லேத் எல்லாம் நம் பக்கத்துப் பட்டறைகளில் இன்னும் ஓடுகின்றன. 1970களின் கடைசிக்கு முன்னால் செய்த கண்டென்சராக இருந்தால் உள்ளே இருப்பது பிசிபி என்கிற எண்ணெயாக இருக்கலாம். எளிதில் தீப்பிடிக்காது என்பதற்காகப் போட்டார்கள். உடம்புக்கு விஷம் என்று தெரிந்து 1979இல் அமெரிக்கா தடை செய்தது. அப்படிப்பட்ட டப்பா கசிந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், உடைத்துப் பார்க்காதீர்கள், காயலான் கடைக்கும் போடாதீர்கள். என் கூட வேலை பார்த்தவர்கள் அந்த எண்ணெயைக் கையில் வழியவிட்டுக்கொண்டு சாப்பிடப் போயிருக்கிறார்கள். அப்போது எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

மாட்டும்போது ஒன்று கவனியுங்கள். அலுமினிய டப்பாவில், பழுதாகி உள்ளே அழுத்தம் ஏறினால் மூடி மேலே எழும்பி உள் இணைப்பைத் தானே அறுத்துவிடும் அமைப்பு இருக்கும். மூடிக்கு மேலே ஒட்டினாற்போல் தகடோ கவரோ இருந்தால் அது எழும்ப இடம் கிடைக்காது. அப்புறம் எண்ணூர்த் தம்பி வீட்டில் நடந்ததுதான் நடக்கும். ஒரு விரல் அளவாவது இடம் விடுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து:

என் மோட்டாரில் பிளேட்டே இல்லை, கழன்று எப்போதோ போய்விட்டது. டப்பாவிலும் எழுத்து அழிந்துவிட்டது. நான் எந்த எண்ணை வாங்குவது? அரை எச்பி, தண்ணீர் ஏற்றுகிற மோட்டார்.

வண்ணை வாசி:

வியாசர்பாடி நண்பரே, இதையே நான் கொருக்குப்பேட்டைப் பெரியவரிடம் கேட்டுவிட்டேன். அதே கம்பெனி, அதே எச்பி, அதே ஆர்பிஎம் மோட்டார் தெருவில் யார் வீட்டிலாவது இருந்தால் அதன் பிளேட்டைப் பார்ப்பது முதல் வழி. அதுவும் இல்லை என்றால், அரை எச்பி மோனோபிளாக்குக்கு அவர் வழக்கமாக 10இல் தொடங்குவாராம். 440 வோல்ட்தான். மோட்டார் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருக்கும்போது மொத்த ஆம்பியரைப் பார்ப்பார். பிறகு 8 போட்டுப் பார்ப்பார், 12.5 போட்டுப் பார்ப்பார். நன்றாக எடுக்க வேண்டும், ஆம்பியரும் குறைவாக இருக்க வேண்டும், அப்படிப்பட்டதை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் ஓடவிட்டுச் சூட்டைத் தொட்டுப் பார்ப்பார். நடுவில் ஒரு எண் வேண்டுமானால் இரண்டைப் பேரலலாக இணைக்கலாம், எம்எஃப்டி கூட்டுத்தொகையாகக் கிடைக்கும். 8ம் 2.5ம் சேர்ந்தால் 10.5. இரண்டுமே 440 ஆக இருக்க வேண்டும், ஃபேன் கண்டென்சரை அதில் சேர்க்காதீர்கள்.

எண் தெரிந்ததும் அதை எங்காவது எழுதி வையுங்கள். நான் டெர்மினல் மூடியின் உள்பக்கம் வெள்ளை பெயின்டில் 20 / 440 என்று எழுதி, பக்கத்தில் மாற்றிய தேதியையும் போட்டிருக்கிறேன். இந்தப் பொங்கலுக்குப் பச்சை அடிக்கும்போது பிளேட் மேல் டேப் ஒட்டிவிட்டுத்தான் அடிக்க வேண்டும் என்று அம்மாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.