கடைத்தெருவில் லோடு இறக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் எனக்குச் சின்ன மளிகைக்கடை. காலை ஒன்பது மணிக்கு அரிசி லோடு வரும். பள்ளிக்கூடக் கூட்டமும் அப்போதுதான். நேற்று டாடா ஏஸின் திறந்த பின்கதவில் இடித்துக்கொள்ளாமல் ஒரு பாட்டி நடுரோட்டுக்கு இறங்கினார். பின்னால் பஸ். நல்லவேளை, டிரைவர் பிரேக் அடித்துவிட்டார். அது என் கடைக்கு வந்த லோடு, அதுதான் உறுத்துகிறது.

நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் வழி வேண்டும் என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) 103-ஆம் எண் வழிகாட்டி. இங்கே கடைப் படியும் பைக்கும் போக, ஒருக்களித்துத்தான் நடக்கலாம்.

2019-இல் நடைபாதை வளாகமான சென்னை பாண்டி பஜாரில் சரக்கு எப்போது, எங்கே இறக்குகிறார்கள்? காலை ஏழு மணிக்குள் இறக்கும் முறை உங்கள் ஊரில் நடக்கிறதா? லோடுமேன்கள் ஒத்துக்கொண்டார்களா? அப்புறம், நகராட்சிக்கு எழுதிய மனு யாரிடமாவது இருந்தால் நகல் அனுப்புங்கள். திங்கட்கிழமை மனுநாளில் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.