பனீர் வடித்த நீரிலிருந்து நைசின் தயாரிக்க முடியுமா?

பனீர்க்கூடம்:
வணக்கம். சிறிய அளவில் பனீர் தயாரிக்கிறோம். பாலைத் திரியவைத்து வடித்தபின் மிஞ்சும் இளமஞ்சள் நீரைச் சாக்கடையில் விட வழியில்லை. மாடுகளுக்கும் ஓரளவுதான் கொடுக்க முடிகிறது. இந்நீரில் பாக்டீரியாவை வளர்த்து, உணவு கெடாமல் காக்கும் நைசினைத் தயாரிக்கலாம் என்று படித்தேன். எங்களைப் போன்றோருக்கு இது ஆகக்கூடிய காரியமா? கழிவுநீர்ச் சிக்கலும் இதனால் தீருமா?

நுண்ணுயிரியல் மாணவி:
வணக்கம் ஐயா. வடிநீரில் ஏறக்குறைய 5 சதவீதம் லாக்டோஸ் (பால் சர்க்கரை) இருக்கிறது. அதை உண்டு வளரும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் பாக்டீரியாவின் சில வகைகள், போட்டிக்கு வரும் பிற பாக்டீரியாக்களை அழிப்பதற்காக, 34 அமினோ அமிலங்களால் ஆன நைசினைச் சுரக்கின்றன. செல்சுவர் கட்டுவதற்கான பொருளைச் சுமந்துசெல்லும் லிப்பிட் 2 என்ற மூலக்கூறை அது பற்றிக்கொண்டு, அந்தப் பிற பாக்டீரியாக்களின் செல்சவ்விலே துளையிட்டுவிடுகிறது. ஆனால் பாலைச் சூடாக்கித் திரிப்பதால் வடிநீரில் தங்கவேண்டிய புரதத்தில் பெரும்பகுதி பனீரோடு போய்விடுகிறது. ஆகவே ஈஸ்ட் சாறு போன்ற நைட்ரஜன் ஊட்டம் சேர்க்க நேரும்.

பால்பொருள் பொறியாளர்:
வளர்ப்பதைவிடப் பிரித்தெடுப்பதுதான் கடினம். லாக்டிக் அமிலம் சேரச்சேர பிஎச் (அமில-கார அளவு; அமிலம் கூடினால் குறையும்) இறங்கி வளர்ச்சி நின்றுவிடும் என்பதால், காரம் சேர்த்து அதை 6-ஐ ஒட்டி வைத்திருப்பார்கள்; அந்த நிலையில் நைசினில் கணிசமான பகுதி பாக்டீரியாவின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். அறுவடையின்போது அமிலம் விட்டு பிஎச்சை 3-க்குக் கீழே கொண்டுவந்தால் அது கழன்று நீரில் கரையும். முழுத் தூய்மையும் தேவைப்படாது: கடைக்கு வரும் வழக்கமான நைசின் தூளில் நைசின் 2.5 சதவீதமே, மீதியில் பெரும்பகுதி உப்பு. இருந்தும் உலர்த்தும் இயந்திரத்தின் விலையைத் தனியொரு கூடம் தாங்காது. பல கூடங்கள் சேர்ந்து செய்தால் கணக்கு மாறலாம்.

கழிவுநீரைப் பொறுத்தவரை உறுதியாகச் சொல்கிறேன், இது தீர்வாகாது. இந்தப் பாக்டீரியா லாக்டோஸை லாக்டிக் அமிலமாக மாற்றுகிறதே தவிர, நீரின் கரிமச் சுமையைப் பெரிதாகக் குறைப்பதில்லை. லிட்டருக்கு 30,000 மில்லிகிராமைத் தாண்டக்கூடிய உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கு (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன் அளவு) சுத்திகரிப்பு நிலையம் அப்போதும் வேண்டும்.

பனீர்க்கூடம்:
மிக்க நன்றி. தயாரித்தால் எங்கள் பனீருக்கே பயன்படுத்தலாமா?

நுண்ணுயிரியல் மாணவி:
நோய் உண்டாக்கும் லிஸ்டீரியா பாக்டீரியாவுக்கு எதிராகப் பயன்படும். ஆனால் குளிர்பெட்டியில் பனீரை வழவழப்பாக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்கு வெளிச்சவ்வு இருப்பதால் நைசின் உள்ளே எட்டாது. பூஞ்சைகளையும் அது தடுக்காது. வடிகட்டும் துணி, குளிர்விக்கும் தண்ணீர் ஆகியவற்றின் சுத்தத்தை முதலில் பாருங்கள் ஐயா. அந்தச் செலவு உடனே பலன் தரும்.