முயல் கூண்டுத் தரைக்கு என்ன போடலாம்?

என் இரண்டு முயல்களில் ஒன்றுக்குப் பின்னங்காலடியில் முடி உதிர்ந்து, சிவந்து, இப்போது புண்ணாகிவிட்டது. மூன்று வாரமாக இந்தப் பாடு. கம்பி வலைத் தரைதான் காரணம் என்று சொல்லி, கால்நடை மருத்துவர் களிம்பு தந்தார். தரையை மாற்றாமல் களிம்பு மட்டும் என்ன செய்யும்?

இடம் திருப்பரங்குன்றம். மொட்டை மாடியில் 4 அடிக்கு 2 அடிக் கூண்டு, ஒரு வயது நிரம்பிய இரண்டு பெண் முயல்கள். வெயிலுக்குத் தகரத்தின் மேல் தென்னங்கீற்று வேய்ந்திருக்கிறேன். மதியம் உறையவைத்த தண்ணீர் பாட்டிலை உள்ளே வைத்தால் புண் வந்தவள் அதில் சாய்ந்து படுத்துக்கொள்கிறாள். பார்க்கவே மனசுக்கு ஆறுதல்.

சாக்கு விரித்தேன், நூல் நூலாகக் கடித்துவிட்டாள். குடலில் அடைத்துவிடும் என்று பயந்து எடுத்துவிட்டேன். வைக்கோல் ஒரே நாளில் மூத்திரத்தில் ஊறி நாறுகிறது. அப்புறம் பலகை போட்டேன், அதிலும் ஈரம் தங்குகிறது.

புண் ஆறும்படி மெத்தென்று, ஈரம் தங்காமல், கடித்தாலும் ஆபத்தில்லாமல் இருக்க, கம்பி மேல் எதைப் போடலாம்?