மறு: ‘அண்ணீரகச் சோர்வு’ – மாற்றுச் சொல்

வணக்கம் ஐயா.

நம் மருத்துவச் சொற்கையேட்டு வரைவில் உள்ள ‘அண்ணீரகச் சோர்வு’ என்பதை எடுத்துவிடலாம். (அண்ணீரகம்: சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பி.) சத்து மாத்திரை விற்பவர்கள் விளம்பரத்தில் போடும் சொல் அது. அப்படியொரு நோயை ஹார்மோன் மருத்துவமான உட்சுரப்பியல் ஏற்கவில்லை. நாம் சொல்ல வருவது வேறு. ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, அண்ணீரகத்தைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோனின் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். தூண்டுவார் இல்லாமல் அண்ணீரகப் புறணி (வெளியடுக்கு) சுருங்கி, அது சுரக்கும் கார்ட்டிசோல் ஹார்மோனின் வரத்து அற்றுப்போகும்.

கோலாலம்பூரில் இந்தச் சொல் யாருக்கு வேண்டும்? மூட்டுவலிக்கு ஜாமு என்னும் நாட்டு மருந்து, மூலிகை மாத்திரை வாங்கிச் சாப்பிடுபவர்களுக்கு. சுகாதார அமைச்சு எச்சரித்த பாரம்பரிய மருந்துகள் பலவற்றில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருந்தது. வலி பறந்துவிடும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், வயிறு பெருக்கும், கை கால் மெலியும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும். கார்ட்டிசோல் மிகுந்தால் வரும் அறிகுறிகள் இவை. இவ்வளவுக்கும் காலை 8 மணி இரத்தத்தில் கார்ட்டிசோல் அடிமட்டத்தில் இருக்கும்! காரணம், சொந்தச் சுரப்பு ஒடுங்கியிருக்கும், கார்ட்டிசோல் சோதனையில் டெக்சாமெத்தசோன் அகப்படாது. பிரட்னிசோலோன் என்னும் இன்னொரு ஸ்டீராய்டு அப்படியல்ல, பல சோதனைக் கருவிகள் அதையும் கார்ட்டிசோல் என்றே எண்ணி அளவைக் கூட்டிக் காட்டும்.

பயந்துபோய் மாத்திரையைச் சட்டென நிறுத்துவதில்தான் ஆபத்து. வாந்தி, தலைசுற்றல், இரத்த அழுத்தச் சரிவு. முற்றினால் ஹைட்ரோகார்ட்டிசோன் (கார்ட்டிசோலின் மருந்து வடிவம்) 100 மில்லிகிராம் ஊசி உடனே போட வேண்டும்.

இதை ‘அண்ணீரக முடக்கம்’ என்று அழைக்கலாமா? ‘முடக்கம்’ என்றால் வாதம் வந்ததுபோல், மீளாது என்று தோன்றும். மருத்துவர் சொல்படி அளவைப் படிப்படியாகக் குறைத்தால் சுரப்பி பெரும்பாலும் மீள்கிறது. சிலருக்கு ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகலாம். என் முன்மொழிவு: ‘அண்ணீரக ஒடுக்கம்’.

――――

> கார்ட்டிசோல் = புறணிநீர் (வரைவு, பக்கம் 4)

பினாங்கிலிருந்து. ‘ஒடுக்கம்’ எனக்குச் சம்மதம். ‘புறணிநீர்’ மட்டும் வேண்டாம் ஐயா. புறணி என்றதும் ஊர்வம்புதான் நினைவுக்கு வரும். அது போகட்டும், உடலின் உப்புச் சமநிலையைக் காக்கும் அல்டோஸ்டிரோன் ஹார்மோனும் அதே புறணியில்தான் சுரக்கிறது. அதை என்னவென்று அழைப்பது? ஆய்வகத் தாளில் உள்ளபடி கார்ட்டிசோல் என்றே விடுவோம்.

இன்னொன்று. வரைவில் அடிசன் நோயும் இதே தலைப்பில் வருகிறது. அடிசனில் சுரப்பியே அழிகிறது: ஏசிடிஎச் எகிறும், உள்ளங்கை ரேகையும் ஈறும் கருக்கும், அல்டோஸ்டிரோனும் குறைவதால் பொட்டாசியம் ஏறும். ஒடுக்கத்தில் ஏசிடிஎச் தாழ்ந்திருக்கும், கருமை வராது, அல்டோஸ்டிரோன், சிறுநீரகம் சுரக்கும் ரெனின் வழியாகத் தன்பாட்டில் ஓடும். அடிசனுக்கு, அல்டோஸ்டிரோனுக்கு ஈடாக ஃப்ளுட்ரோகார்ட்டிசோன் மருந்தும் சேர்த்துக் கொடுப்பது அதனால்தான். எனவே ‘அண்ணீரகப் பற்றாக்குறை’ பொதுத் தலைப்பாகட்டும். அதன்கீழ் அடிசனும் ஒடுக்கமும் தனித்தனிப் பதிவுகளாக வரட்டும்.