இணையவழிக் கருத்தரங்கில் கேள்வி நேரம் மௌனமாகவே கழிகிறது: என்ன செய்யலாம்?

ஏட்டுச்சுவடி எழுதியது:

வணக்கம். எங்கள் வாசிப்புக் குழு மாதந்தோறும் இணையவழியில் கூடுகிறது. அடுத்த மாதம் முதன்முறையாக, மூன்று உரைகளும் ஒரு கலந்துரையாடலும் கொண்ட அரைநாள் கருத்தரங்கை ஜூமில் நடத்தத் திட்டமிட்டிருக்கிறோம். பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

சென்ற கூட்டத்தில் நடந்ததை நினைத்தால் கவலையாக இருக்கிறது. உரையாளர் ஒரு மணி நேரம் மிகச் சிறப்பாகப் பேசினார். முடிந்ததும் நான் "யாருக்காவது கேள்வி இருக்கிறதா?" என்று கேட்டேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை. மீண்டும் கேட்டேன், அதே மௌனம். உரையாளரின் முகம் வாடியதைத் திரையில் எல்லோரும் பார்த்தோம். ஆனால் அன்றிரவு ஐந்தாறு பேர் மிக நுட்பமான கேள்விகளைத் தனிச்செய்தியாக எனக்கு அனுப்பியிருந்தார்கள். கேள்விகள் இல்லாமல் இல்லை; கேட்பதற்குத்தான் வழியில்லாமல் போயிருக்கிறது. இதே நண்பர்கள் நேரில் கூடினால், நேரம் போதவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் அளவுக்குப் பேசுவார்கள். போதாக்குறைக்கு, நடுவில் என் இணைய இணைப்பு அறுந்துபோனதால், காத்திருப்பு அறையில் நின்றவர்களை உள்ளே விட ஆளில்லாமல் போயிற்று. இத்தகைய நிகழ்வுகளை நடத்திப் பழகியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செவிச்செல்வம் எழுதியது:

நண்பரே, அந்த மௌனத்தை ஆர்வமின்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நேரில் பேசும்போது நாம் எவ்வளவு விரைவாக ஒருவருக்கொருவர் பதில் சொல்கிறோம் என்பதை நாமே கவனிப்பதில்லை. 10 மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு கேள்விக்கும் அதற்கான பதிலுக்கும் இடையிலான சராசரி இடைவெளி ஏறத்தாழ 200 மில்லிநொடிதான் என்று காட்டியது. இணையத்திலோ குரல் போய்ச் சேருவதற்கே காலதாமதம் ஆகிறது. ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. வீட்டு வைஃபையில் இந்த வரம்பு எளிதில் மீறப்படும். அதனால்தான் இருவர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவருமே நிறுத்தி, "நீங்கள் சொல்லுங்கள்" என்று ஒருவருக்கொருவர் வழிவிட்டு, கடைசியில் இருவருமே பேசாமல் போகிறார்கள். இதற்கு மேல், கேட்க நினைப்பவர் மியூட்டை எடுக்க வேண்டும், கேமராவை இயக்கலாமா என்று யோசிக்க வேண்டும், தம் குரல் நூறு பேரின் காதுக்குள் நேரே விழப்போகிறது என்ற கூச்சத்தையும் கடக்க வேண்டும். இத்தனையையும் மூன்று நொடிக்குள் செய்யும்படி நாம் எதிர்பார்க்கிறோம்.

ஆகவே "கேள்வி இருக்கிறதா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக, "உரையில் உங்களுக்கு உடன்பாடில்லாத ஓர் இடத்தை ஒரே வரியில் அரட்டைப் பெட்டியில் எழுதுங்கள், இரண்டு நிமிடம் காத்திருக்கிறேன்" என்று சொல்லி, உண்மையாகவே இரண்டு நிமிடம் காத்திருங்கள். முதல் அரை நிமிடம் ஒன்றும் வராது. அந்த இடைவெளியைப் பேச்சால் நிரப்பத் தோன்றும், நிரப்பிவிடாதீர்கள். பிறகு ஒரு வரி விழும், அதைத் தொடர்ந்து நான்கைந்து விழும். அவற்றில் ஒன்றைப் படித்துக் காட்டி, "இதை எழுதியவர் இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்ல முடியுமா?" என்று பெயர் சொல்லி அழையுங்கள். கை வேலை செய்யத் தொடங்கினால் வாயும் திறந்துகொள்ளும். இதே காரணத்துக்காக, நிகழ்வின் முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றை எழுதும்படி செய்துவிடுவது நல்லது. முதல் மணி நேரம் முழுவதும் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தவர் பிறகு பார்வையாளராகவே இருந்துவிடுவார்.

ஒலி பற்றி ஒரு வார்த்தை. படம் மங்கினால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். குரல் உடைந்தால் எழுந்து போய்விடுவார்கள். புளூடூத் ஹெட்செட்டின் மைக்கைப் பயன்படுத்தும்போது பல கருவிகள் தரம் குறைந்த ஒலி முறைக்கு மாறிவிடும் என்பதால், உரையாளர்கள் மூவரையும் கம்பியுள்ள இயர்போனுடன் வரும்படி கேட்டுக்கொள்ளுங்கள். யாராவது காணொளி காட்டுவதாக இருந்தால், திரையைப் பகிரும்போது ஒலியையும் சேர்த்துப் பகிர்வதற்கான சிறு கட்டத்தில் டிக் செய்யச் சொல்லுங்கள். அதை மறந்துவிட்டு, வாய் மட்டும் அசையும் படத்தை நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்த அரங்கு ஒன்றில் நானும் இருந்திருக்கிறேன். பேசியவருக்கு அது தெரிவதற்கே நான்கு நிமிடம் ஆயிற்று.

நெறியாளர் எழுதியது:

செவிச்செல்வம் சொன்னவற்றில் பெரும்பாலானவை எனக்கும் உடன்பாடே. ஆனால் பெயர் சொல்லி அழைப்பதில் எச்சரிக்கை தேவை. அருகில் குழந்தை உறங்கிக்கொண்டிருக்கலாம், பயணத்தில் இருக்கலாம். "இதைப் பற்றி உங்களைப் பேச அழைக்கலாமா?" என்று முதலில் தனிச்செய்தியில் கேட்டு, இசைவு கிடைத்த பிறகு அழைப்பதே மரியாதை.

உங்கள் இரண்டாவது சிக்கல், எல்லாப் பொறுப்பும் ஒருவரிடமே குவிந்திருந்ததால் வந்தது. பேச்சை நெறிப்படுத்துபவர் இயந்திரத்தைக் கையாளக் கூடாது. குறைந்தது மூவர் வேண்டும்: மேடையை நடத்த ஒருவர், காத்திருப்பு அறை, மியூட், திரைப் பகிர்வு ஆகியவற்றைக் கவனிக்க ஒருவர், அரட்டைப் பெட்டியைப் படித்துக் கேள்விகளைத் தொகுக்க ஒருவர். பின்னிருவருக்கும் கூட்டம் தொடங்கியதுமே கோ-ஹோஸ்ட் (கூட்டத்தை உங்களுடன் சேர்ந்து நிர்வகிக்கும்) உரிமையைக் கொடுத்துவிட்டால், உங்கள் இணைப்பு அறுந்தாலும் அரங்கு அநாதையாகாது. கோ-ஹோஸ்ட்டால் கூட்டத்தைத் தொடங்க மட்டும் இயலாது. அதற்கு முன்கூட்டியே மாற்று ஹோஸ்ட் ஒருவரை அமைப்புகளில் நியமிக்க வேண்டும். மூவரும் தங்களுக்குள் பேசிக்கொள்ள, ஜூமுக்கு வெளியே ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கட்டும். ஜூமே தடுமாறும்போது அதற்குள் இருக்கும் அரட்டை உதவாது. இலவசக் கணக்காக இருந்தால் 40 நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும் என்பதையும் 100 பேருக்கு மேல் இடமில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

நிரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரைநாளை அப்படியே திரைக்கு மாற்ற முடியாது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் எழுதிய கட்டுரை, காணொளிக் கூட்டச் சோர்வுக்கு நான்கு காரணங்களை முன்வைக்கிறது: மிக நெருக்கத்தில் விடாமல் தெரியும் முகங்கள், தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் ஓரிடத்தில் இருப்பது, முகபாவம், சைகை போன்ற சொல்லில்லாக் குறிப்புகளை உணரவும் உணர்த்தவும் மூளை கூடுதலாக உழைப்பது. எனவே உரைகளை 25 நிமிடத்துக்குச் சுருக்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் உரைக்குப் பின்னும் பத்து நிமிடம், "கேமராவை அணைத்துவிட்டு எழுந்து நடந்து வாருங்கள்" என்று வெளிப்படையாகவே சொல்லுங்கள். தம் முகம் தமக்குத் தெரியாதபடி மறைத்துக்கொள்ளும் வசதி இருப்பதையும் தொடக்கத்திலேயே காட்டிக்கொடுங்கள். பலருக்கு அது தெரியாது.

கலந்துரையாடலுக்கு, பங்கேற்பாளர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து அனுப்பும் ஜூமின் சிறு அறைகள் (பிரேக்அவுட் ரூம்) நன்றாக உதவும். ஓர் அறைக்கு நான்கு பேர், எட்டு நிமிடம், விவாதிக்க ஒரே ஒரு கேள்வி. அந்தக் கேள்வியை அறைகளைத் திறப்பதற்கு முன்பே அரட்டையில் இட்டு, திரும்பி வந்து சொல்லப்போவது யார் என்பதையும் முதலில் முடிவு செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எட்டு நிமிடமும் "நாம் என்ன பேச வேண்டும்?" என்பதிலேயே போய்விடும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அரட்டைப் பொறுப்புக்கு, அன்றிரவு எனக்குக் கேள்வி அனுப்பிய நண்பர் ஒருவரையே கேட்டிருக்கிறேன், மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். இன்னும் ஓர் ஐயம். இடம் போதாவிட்டால் யூடியூபிலும் நேரலை செய்யலாம் என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள். அதில் கவனிக்க வேண்டியது என்ன?

செவிச்செல்வம் எழுதியது:

செய்யலாம். உங்கள் சேனலில் இதுவரை நேரலை செய்ததில்லை என்றால், அந்த வசதியை முதன்முறை இயக்குவதற்கு 24 மணி நேரம் வரை ஆகலாம். அதை இன்றே இயக்கி வையுங்கள்; நிகழ்வு நாளன்று காலையில் இதைக் கண்டுபிடித்துத் தவித்தவர்கள் உண்டு.

அடுத்தது, யூடியூபில் பார்ப்பவர் உங்களுக்குச் சில நொடிகள் பின்னால் இருப்பார். தாமத அமைப்பைப் பொறுத்து இது அரை நிமிடத்தையும் எட்டலாம். நீங்கள் "கேள்விகளை எழுதுங்கள்" என்று சொல்வது அவருக்குக் கேட்டு, அவர் எழுதி, அது உங்களிடம் வருவதற்குள் ஜூமில் அடுத்த பேச்சு தொடங்கியிருக்கும். ஆகவே உரை முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்பே, உரையாளரை இடைமறிக்காமல், யூடியூப் அரட்டையில் மட்டும், மேலே நிலையாக நிற்கும்படி பொருத்திய (pin) ஒரு செய்தி மூலம் கேள்விகளைக் கேட்டு வாங்கும்படி அரட்டைப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். அவர்களின் கேள்வி ஒன்றை முதலாவதாக எடுத்துக்கொண்டால், ஜூமில் இருப்பவர்களுக்குத் தங்கள் வரியை எழுதி முடிக்க நேரமும் கிடைக்கும்.